திருக்குவளை வீடு பேசட்டும்!

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

சென்ற விடுமுறையில் நண்பர்கள் நால்வர் திருக்குவளைக்குப் போய் வந்தோம். வாஞ்சூர் எல்லையைத் தாண்டி, நாகூர், நாகப்பட்டினம் வழியாகப் பயணம். (வாஞ்சூர் என்றதும் புன்னகைக்கும் தோழர்களுக்கு: நாங்கள் அங்கே இறங்கவில்லை!) நம் திருநள்ளாற்றைப் போலவே திருக்குவளையும் சப்தவிடங்கத் தலங்கள் ஏழனுள் ஒன்று. ஆனால் நாங்கள் தேடிப் போனது கோயிலை அன்று. 1924 ஜூன் 3-ஆம் நாள் கலைஞர் மு. கருணாநிதி பிறந்த வீட்டை.

முத்துவேலரும் அஞ்சுகமும் வாழ்ந்த அந்த இல்லம் இன்று அவர்கள் பெயரால் நூலகமாகவும் படிப்பகமாகவும் விளங்குகிறது. பெற்றோர் சிலைகள், சுவர்களில் புகைப்படங்கள். ஐந்து முறை முதலமைச்சராக இருந்தவரின் வாழ்வல்லவா! அவர் தமக்கை மகன் முரசொலி மாறனும் இவ்வூரில்தான் 1934-இல் பிறந்தார், மத்திய அமைச்சரானார். மகன் மு. க. ஸ்டாலின் 2021-இல் முதலமைச்சரானார். "ஒரு சிற்றூர் வீட்டிலிருந்து இத்தனை பதவிகளா!" என்று ஒரு நண்பன் வியந்தான். "இது அருங்காட்சியகமா, குடும்ப ஆல்பமா?" என்று இன்னொருவன் என் காதைக் கடித்தான். இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. எனக்கு இரண்டும் போதவில்லை.

புகைப்படங்களைச் சென்னையிலும் பார்க்கலாம், புத்தகத்திலும் பார்க்கலாம். திருக்குவளையில் மட்டுமே காணக்கூடியது ஒன்று உண்டு. அது, ஓர் இசை வேளாளர் குடும்பத்துப் பிள்ளை எங்கிருந்து புறப்பட்டான் என்பது. சிறு வயதில் அவரை இசை பழக அனுப்பினார்கள். பெரிய மனிதர்கள் முன்னே மேலாடை கூடாது. துண்டு இடுப்பில் இருக்க வேண்டும். அந்த அவமதிப்பைத் தாங்க மாட்டாமல் பயிற்சியையே விட்டுவிட்டார். 'நெஞ்சுக்கு நீதி' படித்தவர்கள் இதை அறிவார்கள்.

இங்கே என் கதையையும் சொல்ல வேண்டும். என் தாத்தா தவில்காரர். பண்ணையார் எதிரே வந்தால் அவர் தோளில் கிடக்கும் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். பண்ணையார் காலம் போயிற்று, பழக்கம் போகவில்லை. ஒரு நாள் கடன் விஷயமாக வங்கி ஊழியர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பேரன் வயதுதான் இருக்கும். அவரைக் கண்டும் துண்டு இறங்கிற்று. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கைகொட்டிச் சிரித்தேன். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்புதான் திருக்குவளையில் என் நெஞ்சைச் சுட்டது.

ஆகவே என் கருத்து இது: அந்த வீட்டில் ஒரு நாதசுரமும் ஒரு துண்டும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். கீழே நான்கு வரி எழுதினால் போதும். "சாதியைக் காட்சிக்கு வைப்பதா?" என்று சில ஆசிரியர்கள் கேட்கக்கூடும். காயத்தை மறைத்துவிட்டு மாலையை மட்டும் காட்டினால், பார்க்க வரும் பிள்ளைக்கு மாலை ஏன் விழுந்தது என்றே தெரியாது, ஐயா! குடும்ப அரசியலைக் குறை கூறுவோர் உண்டு. அந்த வாதம் நடக்க வேண்டிய வாதமே. ஆனால் அந்தத் துண்டின் முன்னால் அவர்களும் ஒரு நிமிடம் நிற்பார்கள்.

தலைவர் வாழ்ந்த வீடெல்லாம் நினைவில்லமாகிவிடாது. போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தை அரசு 2020-இல் சட்டம் இயற்றி எடுத்துக்கொண்டது; 2021-இல் உயர்நீதிமன்றம் அதை வாரிசுகளுக்கே திருப்பித் தந்தது. அலகாபாத் ஆனந்த பவனம் வேறு வகை. இந்திரா காந்தி 1970-இல் நாட்டுக்கு அளித்த மாளிகை அது; எவ்வளவு வசதியை விட்டுச் சிறைக்குப் போனார்கள் என்பதை அதன் பெருமையே சொல்லும். விருதுநகர்க் காமராசர் இல்லமோ எளிமையால் பேசுகிறது. திருவாரூர் அருகே காட்டூரில் ஆழித்தேர் வடிவில் எழுந்து 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் கோட்டம் கண்ணைப் பறிக்கிறது, மறுப்பதற்கில்லை. என் வாக்கு திருக்குவளைக்கே.

அடுத்த ஆண்டுக் கல்விச் சுற்றுலாவில் முதலில் திருக்குவளை, பிறகு காட்டூர் என்று வைக்குமாறு எங்கள் துறையை வேண்டுகிறேன். மூத்த நாதசுரக் கலைஞர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அவருடைய பேருந்துக் கட்டணத்தை மாணவர்கள் நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம்.