ஊசியோடு முடிவதில்லை

முதல் வகை சர்க்கரை நோய் இனிப்பு தின்றதால் வருவதல்ல. உடலின் எதிர்ப்பு அணுக்களே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகின்றன. சிலருக்கு அவை தைராய்டையும் சிறுகுடலையும்கூட விட்டுவைப்பதில்லை.

அதே சாப்பாடு, அதே இன்சுலின் அளவு. ஆனாலும் பிள்ளைக்குச் சர்க்கரை அடிக்கடி இறங்கினால் பழி தாயின் மேல்தான் விழுகிறது. கோதுமையின் குளூட்டன் சிறுகுடலைப் புண்ணாக்கும் சீலியாக் நோய், சத்தை உறிஞ்சவிடாமல் தடுத்திருக்கலாம். அட்ரினல் சுரப்பியைப் பழுதாக்கும் அடிசன் நோயும் சர்க்கரையை இறக்கும். அரிது, ஆனால் கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சீலியாக் வந்தால்தான் என்ன, இட்லி தோசை இருக்கிறதே என்று தமிழ்க் குடும்பம் நிம்மதி அடையும். பாதி நிம்மதிதான். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். சாம்பார் வழியே கோதுமை உள்ளே வந்துவிடும்.

பிள்ளைகளுக்குச் சர்க்கரை நோய் தெரிந்த கையோடு தைராய்டு, சீலியாக் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். சீலியாக்கை 2 ஆண்டுக்குள்ளும், பிறகு 5 ஆண்டுகள் கழித்தும் மறுபடி பார்க்க வேண்டும். இன்சுலின் தரும் அரசு மருத்துவமனைகள் இவற்றையும் வழக்கமாக்குவதே நியாயம். ஒன்று மட்டும்: சீலியாக் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.