கோமாரியும் மாரியாத்தாளும்

மாட்டுக்கு வாயிலும் குளம்பிலும் கொப்புளம் கண்டு எச்சில் நூலாக ஒழுக ஆரம்பித்தால் அதற்கு நம் மக்கள் வைத்திருக்கும் பெயர் கோமாரி என்பதாகும். காணை என்பாரும் உண்டு. பெயரில் மாரி ஒட்டிக்கொண்டிருப்பதால், வியாதி மாரியாத்தாளின் கோபமென்றும், அதற்கு மருந்து கூழும் பூசாரியின் தீர்த்தமும் என்றும் ஆகிவிடுகிறது. ஒரே சொம்பைக் கொண்டு ஊர் மாடுகளின் வாயிலெல்லாம் தீர்த்தம் ஊற்றினால் ஆத்தாள் கோபம் தணிகிறதோ இல்லையோ, நோய் மாத்திரம் ஒரு தொழுவம் பாக்கியில்லாமல் போய்ச் சேரும்.

1898-லேயே ஜெர்மனியில் லோப்ளர், பிராஷ் என்ற இருவர், நோய்ப்பட்ட மாட்டின் கொப்புள நீரை, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, வடித்த நீரும் நோயைக் கொடுப்பதைக் காட்டிவிட்டார்கள். அதைத்தான் இன்று வைரஸ் என்கிறோம். ஆத்தாளின் கோபம் வடிகட்டியில் இறங்குமா என்பதைப் பூசாரிகள்தான் சொல்ல வேண்டும்.

இந்த வைரஸ் எச்சிலிலும், பாலிலும், மூச்சிலும், சாணத்திலும் வெளியாகிறது. கொப்புளம் கண்ணுக்குத் தெரியுமுன்பே வெளியாகத் தொடங்கிவிடுகிறது என்பதுதான் பெரிய சங்கடம். பொதுத் தண்ணீர்த்தொட்டி, மாடு ஏற்றும் லாரி, பால் கறப்பவர் கை, செருப்பு இவையெல்லாம் அதற்கு வாகனங்கள். எல்லாவற்றிலும் மோசமானது, ஒரு மாட்டுக்குக் கண்டவுடன் மற்ற மாடுகளை அவசரமாகச் சந்தையில் தள்ளிவிடும் கெட்டிக்காரத்தனமேயாகும். 2013-ல் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் இந்நோய் பரவி ஏராளமான மாடுகள் மாண்டன.

தெய்வத்திற்கு அடுத்தபடியாகப் பழி சுமந்தவன் தாழ்த்தப்பட்டவன். 19-ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவில் வெக்கை நோயில் மாடுகள் செத்தபோது, தோலுக்காகச் சமார் வகுப்பார் விஷம் வைக்கிறார்கள் என்று பழி சுமத்தினார்கள். செத்த மாட்டைத் தூக்கும் வேலையையும் அவன் தலையில் கட்டி, கொன்றவனும் அவனே என்றால் இதைவிட அக்கிரமம் வேறென்ன? அந்த வெக்கை 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. யாகத்தாலா, யாரையாவது உதைத்ததாலா? தடுப்பூசியாலும், நோய் கண்ட இடத்தைத் தேடிப் பிடித்ததாலுமே யாகும்.

கோமாரிக்கும் தடுப்பூசி உண்டு. அதன் பலம் சுமார் ஆறு மாதமே நிற்பதால் வருஷத்திற்கு இருமுறை போட வேண்டும். 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இதற்குக் காசு வாங்குவதில்லை. ஊசி போட்டால் பால் குறையும் என்று மாட்டை ஒளிக்கிறார்கள். இரண்டொரு நாள் சற்றுக் குறையலாம். நோய் வந்தாலோ கறவையே நின்று, கன்று திடீரென்று விழுந்து சாகும். கடன் வாங்கி ஒற்றை மாடு வைத்துப் பிழைக்கும் கூலிக்காரக் குடும்பத்திற்கு அதன்பின் என்ன மிஞ்சும்?

புதிதாக வாங்கிய மாட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். நோயுற்றதைக் கடைசியில் கறந்து, சலவைச் சோடாவை நூற்றுக்கு 4 பங்கு கரைத்த தண்ணீரால் தொழுவத்தைக் கழுவுங்கள். நோய் கண்ட ஊரில் அது தீருமட்டும் மாட்டுச் சந்தையையும், திருவிழாவுக்கு மாடு ஓட்டிப் போவதையும் நிறுத்தும்படியும், ஊசி போட வருகிறவரை ஊர்த்தெருவோடு திருப்பியனுப்பாமல் சேரிக்கும் அழைத்துப் போகும்படியும் பஞ்சாயத்தாரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.