நாணம் யாருக்கு?

நாணம் என்ற சொல்லைப் பெண்ணின் நகைப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டோம். கல்யாண வீட்டில் புகைப்படக்காரர், "கொஞ்சம் வெட்கப்படும்மா!" என்கிறார், மணப்பெண்ணும் தலை குனிகிறாள். பாவம், அவள் செய்த குற்றம் என்ன? பேரம் பேசி வரதட்சிணை வாங்கியவர்கள் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 1961-லேயே அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அவர்களைப் பார்த்து வெட்கப்படச் சொல்ல ஆளில்லை.

பண்டிதர்கள் உடனே தொல்காப்பியத்தைக் கொண்டு வருவார்கள்: அச்சமும் நாணமும் மடனும் பெண்பாலுக்கு உரியவை என்று. இருக்கட்டும். வள்ளுவர் 'நாணுடைமை'யை எங்கே வைத்தார்? காமத்துப்பாலிலா? இல்லை, பொருட்பாலில், 102-ஆம் அதிகாரமாக. தகாத செயலுக்கு நாணுவது வேறு, பெண்களின் நாணம் வேறு என்று முதற்குறளிலேயே வரப்புக் கட்டிவிட்டார். அந்த வரப்பை நாம் வெட்டிவிட்டோம்.

வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன், புறப்புண் பட்டதற்கு நாணி வடக்கிருந்து உயிர் விட்டான். புறநானூற்றின் 65, 66-ஆம் பாடல்கள் இதைச் சொல்கின்றன. நாணியதால் அவன் ஆண்மை குறைந்ததாக யாரும் பாடவில்லை. வெண்ணிக் குயத்தியார், வென்ற கரிகாலனிடமே தோற்றவனை உயர்த்திப் பேசினார். நான் இன்று யாரையும் உயிரை விடச் சொல்லவில்லை. தவறு வெளிப்பட்டால் நாற்காலியை விட்டால் போதும்.

விடுவார்களா? "என் மானம் போயிற்று" என்று வக்கீலைத் தேடி ஓடுவார்கள். இங்கேதான் சூழ்ச்சி இருக்கிறது. நாணம் இருக்க வேண்டிய இடத்தில் மானத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறோம். இன்று நாம் பேசுகிற மானம், ஊரார் என்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்ற கவலை. நாணமோ, நான் என்ன செய்தேன் என்ற கேள்வி. மானநஷ்டத்துக்கு வழக்குப் போடலாம். நாணம் நஷ்டமானால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

மற்றவர்களோ, "நடந்ததற்கு வருந்துகிறேன்" என்று அறிக்கை விடுகிறார்கள். மழை பெய்து பந்தல் நனைந்தாலும் வருந்தலாம். செய்தவன் பெயர் அந்த வாக்கியத்தில் வரவே வராது. 'நாணுகிறேன்' என்று சொல்லிப் பார்க்கட்டும். எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அந்தச் சொல்லைப் பெண்களிடம் தள்ளிவிட்டார்கள்.

உள்ளத்தில் நாணில்லாதவரின் நடமாட்டத்தைக் கயிற்றில் ஆடும் மரப்பாவைக்கு ஒப்பிட்டு அந்த அதிகாரத்தை முடிக்கிறார் வள்ளுவர். கயிற்றுக்கும் நாண் என்றே பெயர். மணப்பெண் நிமிர்ந்து உட்காரட்டும். புகைப்படக்காரர் முன்வரிசைப் பக்கம் திரும்பட்டும்.