பூக்கூடையும் பென்டிரைவும்

தோவாளையிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "எங்கள் வீட்டில் மாலை கட்டும் தொழில். யாருக்கு எத்தனை மாலை கொடுத்தோம், யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கெல்லாம் ஒரு பென்டிரைவில் இருக்கிறது. என் மாமனார் மாமியாரின் அறுபதாம் கல்யாணப் படங்களும் அதில்தான். இருவரும் இப்போது இல்லை. அந்தப் படங்களுக்கு வேறு பிரதியும் இல்லை. சென்ற மாதம் என் மகன் அதே பென்டிரைவை எடுத்துப் போய்க் கடையில் ஏதோ அச்செடுத்து வந்தான். வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தால், ஃபோல்டர் ஒவ்வொன்றின் மூலையிலும் சிறு அம்புக்குறி முளைத்திருக்கிறது! அன்று முதல் கம்ப்யூட்டரும் நத்தையாக ஊர்கிறது. வேறு எந்தப் பென்டிரைவைச் செருகினாலும் அதற்கும் இதே கதி. பழுது பார்ப்பவர், 'எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால்தான் சரியாகும்' என்கிறார். அழிக்கச் சொல்ல மனம் வரவில்லை. என்ன செய்வது?"

சகோதரி, அழிக்கச் சொல்லாதீர்கள். மகனையும் கோபிக்காதீர்கள். அழிப்பது கடைசி வைத்தியம். அதை முதலில் செய்யக் கூடாது. உங்கள் படங்கள் பெரும்பாலும் எங்கும் போயிருக்காது. இருந்த இடத்திலேயே ஒளிந்திருக்கும்.

இந்த வைரஸின் தந்திரத்தைக் கேளுங்கள். அது உங்கள் உண்மையான ஃபோல்டரை மறைத்துவிடுகிறது. அதே பெயரில் ஒரு போலியை அங்கே நிறுத்தி வைக்கிறது. அதுதான் அம்புக்குறி போட்ட சின்னம். நீங்கள் அதைத் தட்டியதும் வைரஸ் விழித்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குள் குடியேறுகிறது. கூடவே உங்கள் உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டிவிடுகிறது! படங்கள் கண்ணுக்குத் தெரிவதால் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. பிறகு, அந்தக் கம்ப்யூட்டரில் செருகும் பென்டிரைவுக்கெல்லாம் அது தாவுகிறது. ஊரில் உள்ள அத்தனை பென்டிரைவுகளும் வந்து போகும் கடையில் இது பரவுவதில் ஆச்சரியம் என்ன? கடைக்காரரும் அறிந்து செய்வதில்லை.

கைக்குக் கை பரவும் இந்த வித்தை புதிதும் அல்ல. 1986-ல் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' என்ற வைரஸ் இப்படித்தான் பரவியது. தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் திருட்டுத்தனமாகப் பிரதி எடுக்காமல் தடுக்கவே அதைச் செய்தோம் என்று அவர்கள் சொன்னார்கள். தங்கள் விலாசத்தையும் டெலிபோன் நம்பரையும்கூட அதில் எழுதி வைத்திருந்தார்கள்! அன்று ஃபிளாப்பித் தட்டு, இன்று பென்டிரைவ். வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். உங்கள் ஊர் மாணிக்கமாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்தப் பூவை அடுத்து எந்தப் பூ என்ற வரிசை தவறினால் அந்த மாலை என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வைரஸை நீக்குவதிலும் வரிசைதான் முக்கியம்.

முதலில், பென்டிரைவைப் பிடுங்கிவிடுங்கள். இன்டர்நெட்டையும் நிறுத்துங்கள். குணமாகும் வரை அந்தக் கம்ப்யூட்டரில் பாங்குக் காரியம் எதுவும் வேண்டாம்.

இரண்டாவது, கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யுங்கள். சேற்றுக் காலைக் கழுவாமல் தரையைத் துடைத்து என்ன பயன்? கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கும்போது பென்டிரைவைச் சுத்தம் செய்தால், அடுத்த நிமிஷமே அது மறுபடி தொற்றிக்கொள்ளும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'மைக்ரோசாப்ட் டிஃபெண்டர்' என்ற காவல்காரன் கூடவே வருகிறான். அவனுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து, இன்டர்நெட்டைக் கொஞ்ச நேரம் மட்டும் இணைத்து, அவனுக்குப் புதிய வைரஸ்களின் பட்டியலைக் கொடுங்கள். அதாவது 'அப்டேட்' செய்யுங்கள். பிறகு 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' என்ற இடத்தில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டர் தானே அணைந்து மறுபடி எழும். விண்டோஸ் முழுதாக விழிப்பதற்கு முன்பே சோதனை நடப்பதால், ஒளிந்துகொள்ளும் வைரஸும் அகப்படும். சுமார் கால் மணி நேர வேலை. அது முடிந்ததும் 'ஃபுல் ஸ்கேன்' ஒன்று. இதற்குப் பல மணி நேரம் பிடிக்கலாம். இரவில் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாகப் பென்டிரைவைச் செருகுங்கள். எதையும் தட்டித் திறக்காதீர்கள். அதன் பெயர் மீது வலது பொத்தானை அழுத்தினால், ஸ்கேன் செய்யும் வசதி தெரியும். அதையும் சோதித்துவிடுங்கள்.

நான்காவதுதான் நீங்கள் காத்திருக்கும் கட்டம். 'வியூ' என்ற இடத்தில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதைக் குறியிடுங்கள். மறைந்திருந்த ஃபோல்டர்கள் சற்று மங்கலாகத் தெரியும். அப்படியும் தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம். 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' உள்ளே, 'புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பவற்றை மறைக்கச் சொல்லும் குறி ஒன்று இருக்கும். அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். மாமனாரும் மாமியாரும் மாலையும் கழுத்துமாய் அங்கே இருப்பார்கள் என்றுதான் நம்புகிறேன். படங்களையும் கணக்கையும் மட்டும் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவை சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பென்டிரைவை அழித்துக்கொள்ளலாம். எடுத்த குறியைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் வைரஸ் அசையவில்லை என்றால், அப்போது பழுது பார்ப்பவர் சொன்னபடி விண்டோஸைப் புதிதாகப் போடலாம். ஆனால் படங்களும் கணக்கும் பத்திரமாக வெளியே வந்த பிறகுதான் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கடைசியாக, வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மின்னஞ்சல், பாங்குக் கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள்.

இனி வராமல் இருக்க என்ன வழி? உங்கள் ஊருக்குக் கிழக்கே, கடலோரத்தில் இருக்கும் கூடங்குளம் ஒரு பாடம் சொல்கிறது. 2019 செப்டம்பரில் அங்குள்ள அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் புகுந்தது தெரியவந்தது. அக்டோபர் இறுதியில் அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. இன்டர்நெட் இணைப்புள்ள நிர்வாக அலுவலகக் கம்ப்யூட்டர் அது. உலையை இயக்கும் கருவிகளின் இணைப்பு தனியானது, அதைத் தொடவில்லை என்று கழகம் விளக்கியது. அத்தனை காவல் உள்ள இடத்திலும் வைரஸ் புகுந்தது என்பதைக் கவனியுங்கள். முக்கியமானதைப் பிரித்து வைத்திருந்ததையும் கவனியுங்கள்.

நம் வீட்டிலும் அப்படித்தான் பிரிக்க வேண்டும். கடைக்குப் போகும் பென்டிரைவ் வேறு, படங்கள் இருக்கும் பென்டிரைவ் வேறு. அச்செடுக்க வேண்டிய ஒரே ஒரு ஃபைலை மட்டும் கடைக்குக் கொடுத்து அனுப்புங்கள்; மின்னஞ்சலில் அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது. கடையிலிருந்து திரும்பிய பென்டிரைவை, ஸ்கேன் செய்யாமல் திறக்கக் கூடாது. செருப்பை வாசலில் விடுவதைப் போல இதுவும் வழக்கமாகிவிட வேண்டும்.

'அப்டேட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்கும்போது 'அப்புறம்' என்று தள்ளாதீர்கள். 2017 மே 12-ந் தேதி 'வான்னாகிரை' என்ற வைரஸ் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஆந்திரப் போலீஸ் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-ந் தேதி வெளியிட்டிருந்தது! போட்டுக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்! உடனே இந்த நம்பருக்குப் பேசுங்கள்' என்று திரை அலறினால், பேசாதீர்கள். உண்மையான எச்சரிக்கையில் டெலிபோன் நம்பர் இருக்காது. வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஃபைலின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால், அது பத்திரிகை அல்ல, செல்போனுக்குள் புகும் கள்ளன். கல்யாண வீடுகளோடு பழகும் உங்களுக்கு இதில் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். பணம் பறிபோய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற நம்பரில் புகார் செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. கம்ப்யூட்டர் கெட்டால் இன்னொன்று வாங்கலாம். அறுபதாம் கல்யாணத்தை மறுபடி நடத்த முடியுமா? ஆகவே, மீண்டு வரும் படங்களை அன்றே தனியாக ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் இன்னொரு பிரதி எடுங்கள். எடுத்த கையோடு அதைப் பிடுங்கி பீரோவில் வையுங்கள். கம்ப்யூட்டரைப் பூட்டும் வைரஸ், கூடவே செருகியிருக்கும் டிஸ்கையும் பூட்டிவிடும். பீரோவில் இருப்பதை அது தொட முடியாது. மாதம் ஒரு நாள் இதற்கென்று ஒதுக்குங்கள். பாக்கிக் கணக்குப் பார்க்கும் நாளாகவே அது இருக்கட்டுமே!