பூட்டின் சாவி யாரிடம்?

வில்லாபுரம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் ஒரு சிறுவன் உண்டியலை உடைத்துக் கணினி விளையாட்டு வாங்குகிறான். ஒருநாள் திரையில் ‘சர்வர் இல்லை’ என்று வந்தால் அவன் யாரிடம் போய் நிற்பான்? வட்டு கையில் இருக்கும், ஆட்டம் இருக்காது.

2024 மார்ச் 31-இல் ‘தி க்ரூ’ கார்ப் பந்தய விளையாட்டின் சர்வரை யூபிசாஃப்ட் நிறுவனம் நிறுத்தியபோது, காசு கொடுத்தவர்களுக்கு நேர்ந்தது இதுதான். ஆர்வலர்கள் மாற்று சர்வர் அமைத்தாலோ சட்டம் குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவில் பிளிசார்ட் நிறுவனத்தின் இணைய விளையாட்டுச் சேவையான ‘பேட்டில்.நெட்’டுக்கு மாற்றாக ‘பிநெட்-டி’யை உருவாக்கியவர்கள் 2005-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். திருட்டுப் பிரதியைக் கண்டுபிடிக்கும் குறியீட்டு எண் சோதனை அதில் இல்லாதது அவர்களுக்குப் பாதகமானது.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பாதுகாப்புப் பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. ‘நோக்கம்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் நியாயம் தங்கியிருக்கிறது. மென்பொருள்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, மென்பொருளை முறையாக வைத்திருப்பவர் அந்தத் தகவலை ஆராய்ந்தறிய 52ஆவது பிரிவும் இடம் தருகிறது.

திருட்டுப் பிரதிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால், கடையை மூடுகிறவர் விற்ற சரக்கையும் முடக்கிவிட்டுப் போவது வியாபார தர்மம் அல்ல. சர்வரை நிறுத்தும் நிறுவனம், இணையமின்றி ஆட வழிசெய்ய வேண்டும். இல்லையேல் மாற்று சர்வரை அனுமதிக்க வேண்டும். மத்திய அரசு இதைச் சட்டத்திலேயே எழுதிவைக்கட்டும்.