உப்பளத்து நுண்ணுயிரும் மக்கள் வரிப்பணமும்

எந்த நோய்க்கு மருந்தாகும் என்று முன்கூட்டியே சொல்ல இயலாத மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்குப் பல்கலைக்கழகங்கள் மக்கள் வரிப்பணத்தைச் செலவிடலாகாது என்பது பரவலான வாதம். அதை ஏற்க இயலாது.

முதலாவதாக, இவ்வளவுகோலின்படி ஸ்பெயினின் அலிகாந்தே பல்கலைக்கழகத்தில் உப்பளத்து நுண்ணுயிர்களை ஆராய்ந்த பிரான்சிஸ்கோ மொஹிகா தொடக்கத்திலேயே நிராகரிக்கப்பட்டிருப்பார். 1993இல் அவர் குழு வெளியிட்டது, அவற்றின் டிஎன்ஏவில் சீரான இடைவெளியில் மீண்டும் மீண்டும் வரும் வரிசைகளைப் பற்றிய செய்தி மட்டுமே.

இரண்டாவதாக, அவ்வரிசைகள் வைரஸ்களை அடையாளம் கண்டு எதிர்க்கும் தற்காப்பு அமைப்பைச் சேர்ந்தவை என்ற கருத்து 2005இல்தான் வெளிவந்தது; அவ்வமைப்பிலிருந்து உருவான கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்தக் கருவியால் அரிவாளணுச் சோகைக்கு அளிக்கும் சிகிச்சை 2023இல் பிரிட்டனில் ஒப்புதல் பெற்றது. 1993ஆம் ஆண்டு ஆய்வு நிதி விண்ணப்பத்தில் அந்நோயின் பெயரை எவர் எழுதியிருக்க முடியும்?

இத்தகைய ஆய்வுகளுள் பெரும்பாலானவை மருந்தாவதில்லை என்பது மெய்தான். ஆனால் எது ஆகும் என்பதை முன்பே பிரித்தறியும் சல்லடை, வாதிடுவோரிடம் உள்ளதா?