ராத்தலும் நியூட்டனும்

கணக்கு உபாத்தியாயர்களாகிய நம்மீது மாணவர்களுக்குத் தீராத மனத்தாங்கல் ஒன்று உண்டு. விடை சரியாயிருந்தும், அலகு எழுதவில்லை என்பதற்காக ஒரு மார்க்கைக் குறைத்து விடுகிறோமாம்! அந்த ஒரு மார்க்கின் விலை இன்னதென்று அமெரிக்காவின் நாஸா ஸ்தாபனத்தாரைக் கேட்டால் தெரியும்.

செவ்வாய்க் கிரகத்தின் சீதோஷ்ணத்தை ஆராய்வதற்காக 1998-ம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி அவர்கள் ஒரு விண்கலத்தை அனுப்பினார்கள். ஒன்பது மாதத்துக்கு மேல் பிரயாணம் செய்த அக்கலம், 1999 செப்டம்பர் 23-ந் தேதி செவ்வாயின் பின்புறம் மறைந்தது. மறைந்தது மறைந்ததுதான், திரும்பத் தலைகாட்டவில்லை.

அக்கலத்தின் சூரியத் தகடு ஒரு பக்கமாகவே நீண்டிருந்தது. ஆகவே, சூரிய ஒளி அதன்மீது படுவதால் ஏற்படும் தள்ளுதலைச் சமாளிக்கச் சிறு எஞ்சின்களை அடிக்கடி இயக்க வேண்டியிருந்தது. கலத்தைச் செய்த டென்வர் நகரத்துக் கம்பெனியார் அந்த உந்துதலை ராத்தல் கணக்கில் தந்தார்கள். பாஸடீனாவில் பாதையைக் கணித்தவர்களோ அதை நியூட்டன் கணக்கென்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு ராத்தல் விசை சுமார் 4.45 நியூட்டனுக்குச் சமம். ஒவ்வொரு முறையும் நேர்ந்த பிழை அற்ப சொற்பம். ஆனால் மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போயிற்று. செவ்வாய்க்கு மேல் சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்ல வேண்டிய கலம் 57 கிலோமீட்டருக்குத் தாழ்ந்து விட்டது. 80-க்குக் கீழே போனால் அது பிழைப்பதற்கில்லை.

இதுவரையில் உலகம் சொல்லிச் சிரித்த கதை. மேலே உள்ளதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்கு எங்கோ இடிக்கிறது என்று பாதை கணித்தவர்கள் முன்னமே சந்தேகித்திருக்கிறார்கள்! சொல்லவும் சொன்னார்கள். ஆனால் பேச்சுவாக்கிலும் கடிதத்திலும் சொன்னார்களேயன்றி, அதற்கென்று ஏற்பட்ட முறைப்படி எழுதிக் கொடுக்கவில்லை. அந்தச் சிலரே ஒரே சமயத்தில் மூன்று கலங்களைக் கவனித்து வந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். கடைசி நாட்களில் பாதையைத் திருத்த இன்னொரு சந்தர்ப்பம் இருந்தது. யோசித்தார்கள், விட்டுவிட்டார்கள்.

பிழை செய்வது மனித இயல்பு. அதைப் பிடிக்க வேண்டிய ஏற்பாடுகள் தவறியதே கலம் அழிந்ததற்குக் காரணம் என்று நாஸா அதிகாரிகளே பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

நம் வகுப்பிலும் கடைசி பெஞ்சியிலிருந்து, "ஸார், விடை சரியா வரலையே" என்று முனகும் பையன் ஒருவன் உண்டு. மணி அடிக்கும் அவசரத்தில் அவனை எத்தனை முறை உட்காரச் சொல்லியிருக்கிறோமோ! அதற்கு மட்டும் நாம் கணக்கு வைத்துக்கொண்டதில்லை.